மருந்து தோற்றதா, எட்டாமல் போனதா: முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் ஒரு நிகழ்வு ஆய்வு

டெல்டா மாவட்ட நகரம் ஒன்றில் இயங்கும் அறக்கட்டளை மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். நான்கு ஆண்டுகள் நாங்கள் கூடவே இருந்து பார்த்த ஒருவரின் சிகிச்சையை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய மனைவியும் மகனும் அனுமதி தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ முடிவுகள் மருத்துவர்கள் எடுத்தவை. பணம், பயணம், காப்பீட்டு அட்டை, வீட்டுச் சூழல் ஆகியவற்றைப் பார்ப்பது என் வேலை. இந்த நிகழ்வில் தவறு நேர்ந்த இடமும் பெரும்பாலும் அதுதான்.

பின்னணி

அவருக்கு அப்போது 64 வயது. கூட்டுறவுச் சங்கத்தின் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சம்பா, வராவிட்டால் உளுந்து. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. மனைவி, குழந்தையோடு அங்கேயே குடியிருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பத்து ஆண்டாக அவருக்குச் சர்க்கரை. அதற்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார்.

2021 ஏப்ரலில் இடுப்பு வலி தொடங்கியது. மே மாதம் கொரோனா இரண்டாம் அலையும் முழு ஊரடங்கும் வந்தன. வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்தார். பக்கத்து ஊரில் வலி ஊசி போட்டுக்கொண்டார். இரவில் நான்கைந்து முறை எழுந்து ஒண்ணுக்குப் போவதை வயதானதன் தொல்லை என்று எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் கடைசியில் ஓரிரவு நீர் அடியோடு அடைத்துக்கொண்டது. அரசு மருத்துவமனையில் டியூப் போட்டு நீரை எடுத்தவர்கள் அங்கேயே புராஸ்டேட் சுரப்பியின் நிலையைக் காட்டும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்கள். அந்தச் சீட்டோடு எங்களிடம் வந்தார்.

முதல் வருகை, செப்டம்பர் 2021

பி.எஸ்.ஏ. 386. நான்குக்குக் கீழே இருக்க வேண்டிய எண் அது. திசுப் பரிசோதனையில் கிளீசன் 8, அதாவது வேகமாக வளரக்கூடிய வகை. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, வலது தொடையெலும்பு என்று பல இடங்களில் நோய் தெரிந்தது. ஹீமோகுளோபின் 9.8. எம்.ஆர்.ஐ.யில் முதுகின் பத்தாவது எலும்பில் இருந்த கட்டி தண்டுவடத்தை நெருங்கியிருந்தது. இன்னும் அழுத்தவில்லை. கால்களில் பலம் குறையவில்லை.

இந்த நோயைக் குணமாக்க முடியாது, கட்டுப்படுத்த முடியும் என்று மருத்துவர் அவரிடமே நேராகச் சொன்னார். மகன் அதை விரும்பவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்து என்னிடம் கேட்டார். பெரியவருக்கோ அது முன்பே தெரிந்திருந்தது. "ரெண்டு வருஷம் கெடைக்குமா டாக்டர்?" என்று கேட்டார். கூடக் கிடைக்க வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொன்னார்.

முதுகில் அந்த ஓரிடத்துக்கு 8 கிரே அளவில் ஒரே தவணைக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். பத்து நாளில் வலி பாதியாகக் குறைந்தது.

அறுவையா, ஊசியா

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன். விரைகளிலிருந்து வரும் அந்த ஹார்மோனை நிறுத்தினால் நோய் ஒடுங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் 1941இல் காட்டினார்கள். அதற்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய புது மருந்துகள் எல்லாமே அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. ஹார்மோனை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை ஆயுள் முழுக்கப் போட வேண்டிய ஊசி. மற்றொன்று, ஒரே நாளில் முடிந்துபோகும் விரை அகற்றும் அறுவை. பலனில் இரண்டும் சமம். அறுவையில் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். தண்டுவடத்துக்கு ஆபத்து நெருங்கியிருக்கும்போது அந்த வேகம் முக்கியம்.

முதல் நாள் அறுவை வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மறுநாள் அவரும் மனைவியும் மட்டும் இருக்கும்போது ஆண் செவிலியர் ஒருவர் போய் உட்கார்ந்து பேசினார். வெளியே பார்த்தால் தெரியாது, பை அப்படியே இருக்கும், ஆசை குறைவது ஊசி போட்டாலும் வரும் என்று விளக்கினார். உடனே சம்மதம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊசிக்குக் காசு தேடி அலைய முடியாது, முடிச்சிடுங்க" என்றார். மனைவியும் தலையசைத்தார். செப்டம்பர் மூன்றாம் வாரம் அறுவை நடந்தது. பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது இந்தச் சிகிச்சையில் மிக நன்றாக எடுக்கப்பட்ட முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். அந்த நான்கு ஆண்டில் ஹார்மோன் தடை ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

கூடுதல் மருந்தைத் தேர்ந்த விதம்

ஹார்மோன் தடையோடு நிறுத்திக்கொள்வது 2015க்கு முன் வழக்கம். அதன்பின் வந்த ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. இவரைப் போலப் பரவிய நோய் உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே டோசிடாக்செல் கீமோவோ அபிராடெரோன் மாத்திரையோ சேர்த்தால் ஆயுள் நீள்கிறது. லாட்டிட்யூட் என்ற ஆய்வில் 1199 பேர் சேர்ந்தார்கள். ஹார்மோன் தடை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 36.5 மாதம், அபிராடெரோனும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 53.3 மாதம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அபிராடெரோனைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் மருத்துவர்கள் மூன்றை எடைபோட்டார்கள். டோசிடாக்செல் மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தவணை, பதினெட்டு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் இரத்தம் குறைவு, சர்க்கரை, கொரோனாக் காலம், ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி 70 கிலோமீட்டர் பயணம். அபிராடெரோன் வீட்டிலேயே சாப்பிடக்கூடியது. ஆனால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கூடவே போக வேண்டும், அது சர்க்கரையை ஏற்றும். என்சலுடமைடுக்கு ஸ்டீராய்டு தேவையில்லை. எங்கள் மருந்தகத்தில் அன்றைக்கு அதன் மாத விலை அபிராடெரோனைவிட அதிகம். அதனால் அபிராடெரோன் முடிவானது. 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, தினமும் வெறும் வயிற்றில். காலை பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம்.

பணக் கணக்கு என் பொறுப்பு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு, உயர்த்தப்பட்ட பிறகும், 1,20,000 ரூபாய். மாதத்துக்கு 10,000. மகன் பெயர் அதே ரேஷன் கார்டில் இருந்ததால் அவர் சம்பளமும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிட்டது. அட்டை இல்லை. மருந்தின் பெட்டியில் அச்சிட்ட விலை கேட்டவருக்குத் தலைசுற்றும். மொத்த மருந்துக் கடையில் பேசி, வேறொரு கம்பெனியின் 120 மாத்திரைப் பெட்டியை 7,800 ரூபாய்க்கு ஏற்பாடு செய்தேன். மகன் "பாத்துக்கலாம் மேடம்" என்றார். கோப்பில் 'குடும்பம் செலவை ஏற்கிறது' என்று எழுதி முடித்தேன்.

அந்த ஒரு வரியைப் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். மாத விலை எவ்வளவு என்று கேட்டோமே தவிர, எத்தனை மாதத்துக்கு என்று நாங்கள் யாரும் உரக்கக் கேட்கவில்லை. கீமோவின் செலவுக்கு முடிவு தெரியும். இந்த மாத்திரையோ வேலை செய்யும் வரை சாப்பிட வேண்டியது. லாட்டிட்யூட்டில் அதை எடுத்தவர்களில் பாதிப் பேர் இரண்டு ஆண்டுக்கு மேல் சாப்பிட்டார்கள். நன்றாக வேலை செய்யும் மருந்தென்றால் குடும்பம் அத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த வீட்டால் எத்தனை மாதம் முடியும் என்பதை அன்றே உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் ஒன்பது மாதம்

சொல்ல அதிகமில்லை. எல்லாம் நன்றாக நடந்தது. டிசம்பரில் பி.எஸ்.ஏ. 11.4, 2022 மார்ச்சில் 1.9, ஜூனில் 0.8. வலி மாத்திரை நின்றது. சர்க்கரை கொஞ்சம் ஏறியது, மருந்தைக் கூட்டிச் சமாளித்தார்கள். வயலுக்குப் போய் வரப்பில் நிற்க முடிகிறது என்றார். மாதம் ஒருமுறை என்றிருந்த வருகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆக்கினோம். நல்ல செய்தியின் பரிசாக அதைக் கொடுத்தோம். இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் மாதாமாதம் உள்ளூரிலேயே பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. யார் பார்ப்பது என்று எழுதவில்லை.

எண்கள் ஏறிய காலம்

2022 செப்டம்பரில் பி.எஸ்.ஏ. 2.6. டிசம்பர் முதல் வாரம் 9.7. டெஸ்டோஸ்டிரோன் 14, அறுவைக்குப் பின் இருக்க வேண்டிய அளவுதான். ஹார்மோன் அடங்கியிருந்தும் பி.எஸ்.ஏ. மிகக் குறைந்த அளவிலிருந்து இரண்டுக்கு மேல் கூடி, மறு பரிசோதனையிலும் ஏறினால் அது 'ஹார்மோன் தடைக்கு அடங்காத நோய்' என்று வரையறை சொல்கிறது. கோப்பிலும் அப்படியே எழுதப்பட்டது. மருந்து தோற்றுவிட்டது, அடுத்தது கீமோ.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா ஐயா?" என்று நான் கேட்டேன். "சாப்பிடுறேம்மா" என்றார். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லும் நோயாளியை நான் பார்த்ததில்லை. மருத்துவரிடம் பயம், எங்கள் மேல் மரியாதை, மகனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற எண்ணம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தன.

அதற்குள் மகன் கைபேசியில் லுடீசியம் என்ற கதிர்மருந்துச் சிகிச்சையைப் பற்றிப் பார்த்திருந்தார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்திருந்தது. பெரிய நகரத்து மையம் ஒன்றில் விசாரித்ததற்கு ஒரு தவணைக்கே இரண்டு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். நிலத்தை விற்றுவிடலாமா என்று என்னிடம் போனில் கேட்டார். அந்தச் சிகிச்சையின் முக்கிய ஆய்வான விஷனில் கீமோ ஏற்கெனவே எடுத்தவர்களையே சேர்த்திருந்தார்கள். இப்போது அவசரப்பட வேண்டாம், பொங்கல் கழிந்ததும் கீமோ பற்றிப் பேசுவோம் என்று மருத்துவரிடம் கேட்டுச் சொன்னேன்.

ஜனவரி 2023

பொங்கலுக்கு மறுவாரம் அவரைக் காரில் தூக்கி வந்தார்கள். கால் நிற்கவில்லை. நெஞ்சு படபடப்பு. எல்லோருடைய மனதிலும் ஒன்றே தோன்றியது: தண்டுவடம் அழுந்திவிட்டது. அவசர எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அழுத்தம் இல்லை. பழைய கட்டி சுருங்கிய நிலையிலேயே இருந்தது. இரத்த அழுத்தம் 190/100. இரத்தப் பரிசோதனை வந்தபோது பொட்டாசியம் 2.6. 3.5க்குக் குறையவே கூடாத எண். கால் பலமின்மைக்கும் படபடப்புக்கும் அதுவே காரணம். பி.எஸ்.ஏ. 14.2.

அபிராடெரோன் அட்ரினல் சுரப்பியில் ஆண் ஹார்மோன் உருவாகும் பாதையை அடைக்கிறது. அடைத்த இடத்துக்கு முன்னால் தேங்கும் வேறு ஹார்மோன்கள் உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றும். அந்தத் தேக்கத்தைத் தடுக்கத்தான் பிரெட்னிசலோன். அதை நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். பணியில் இருந்த இளம் மருத்துவர் அதை உடனே சந்தேகித்தார். "ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா?" என்று அவர் கேட்டபோது எங்கள் யாருக்கும் உறுதியாகப் பதில் தெரியவில்லை.

மஞ்சப்பை

அவர் மனைவியான அந்த அம்மா வீட்டிலிருந்து எல்லா மருந்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கட்டிலில் கொட்டி எண்ணினோம். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஆறு பெட்டி தீர்ந்திருக்க வேண்டும். மருந்துக் கடை ரசீது மூன்றுதான் இருந்தது. பிரெட்னிசலோன் ஒரு அட்டை முழுதாக இருந்தது.

அவர் கொஞ்சம் தெளிந்த பிறகு, மகனை வெளியே அனுப்பிவிட்டு, மனைவியை வைத்துக்கொண்டு பேசினேன். 2022இல் நூல் விலை ஏறி மே மாதம் திருப்பூரில் உற்பத்தியை நிறுத்திப் போராடினார்கள். அதன்பின் மகனுக்கு வாரத்தில் மூன்று, நான்கு ஷிப்டுதான். பேரனுக்குப் பள்ளிக் கட்டணம் வேறு. மாத்திரைப் பணத்துக்கு மகன் வட்டிக்கு வாங்குகிறான் என்று மருமகள் மூலம் இவருக்குத் தெரியவந்தது. ஜூலையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடத் தொடங்கினார். ஒரு பெட்டியை இரண்டு மாதத்துக்கு ஓட்டினார். மகன் அனுப்பிய மிச்சப் பணத்தை மருமகளிடமே திருப்பிக் கொடுத்துவந்தார். மனைவிக்கும் சொல்லவில்லை. "நம்பர்தான் கொறைஞ்சிடுச்சே, பாதி போதும்னு நெனச்சேன்" என்றார். அந்த நினைப்பைத் தந்ததும் நாங்கள்தான். 0.8 என்று மகிழ்ந்து சொன்னவர்கள், அது தினமும் சாப்பிடுவதால்தான் அப்படியிருக்கிறது என்று சொல்லவில்லை.

டிசம்பரில் 9.7 என்று கேட்டதும் பயந்து தினமும் நான்கு மாத்திரைக்குத் திரும்பினார். அதே வாரம் சர்க்கரைக்குப் போன இடத்தில், ஸ்டீராய்டுதான் சர்க்கரையை ஏற்றுகிறது, நிறுத்துங்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது எதற்காக என்று எங்கள் சீட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. முழு அளவு அபிராடெரோனும் ஸ்டீராய்டு இல்லாமையும் சேர்ந்து ஆறு வாரத்தில் அவரைப் படுக்கவைத்தன.

என்னை மிகவும் உலுக்கிய தகவல் வேறொரு நோட்டில் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் சர்க்கரை மாத்திரை கொடுக்க மாதம்தோறும் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வரும்போது அழுத்தமும் பார்த்து எழுதினார். நவம்பரில் 134/84. டிசம்பர் கடைசியில் 168/96. நாங்கள் தேடிய எச்சரிக்கை மூன்று வாரம் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு எங்கள் மருத்துவமனை இருப்பதே தெரியாது. எங்களுக்கு அவர் இருப்பது தெரியாது.

டியூமர் போர்டின் முடிவு

பொட்டாசியம் ஏற்றி, பிரெட்னிசலோனை மீண்டும் தொடங்கி, பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும் எப்ளெரினோன் மாத்திரையும் சேர்த்தார்கள். இதே வேலைக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் ஆண் ஹார்மோன் ஏற்பியைத் தூண்டக்கூடியது; அதனால் தவிர்த்தார்கள். ஐந்தாம் நாள் நடந்தார்.

பல துறை மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் டியூமர் போர்டில், அடுத்து என்ன என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. மூத்த மருத்துவர் ஒருவர் கீமோவுக்குப் போகச் சொன்னார். ஆறு மாதம் அரைகுறையாக மருந்து போயிருக்கிறது, அதற்குள் அடங்காத செல்கள் வளர்ந்திருக்கும், மறுபடி அதே மருந்து என்று காத்திருந்தால் தண்டுவடத்தோடு விளையாடுகிறோம் என்றார். அது நியாயமான கவலை. இன்னொருவர், மருந்தே உள்ளே போகாத காலத்து எண்ணை வைத்து மருந்து தோற்றது என்று எழுதக் கூடாது என்றார். புது எலும்பு ஸ்கேனில் புதிய இடம் எதுவும் தெரியவில்லை. எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., இறங்காவிட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் டோசிடாக்செல் என்று முடிவானது. முதுகுவலி கூடினாலோ கால் தளர்ந்தாலோ அன்றே வர வேண்டும்.

எந்த அளவில் கொடுப்பது என்பதிலும் ஒரு முடிவு தேவைப்பட்டது. அபிராடெரோன் உணவோடு போனால் உடலில் பல மடங்கு அதிகமாக ஏறும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு பத்து மடங்கு வரை. அதனால்தான் வெறும் வயிற்றில் என்ற விதி. இதையே திருப்பிப்போட்டு, ஒரே ஒரு 250 மாத்திரையைக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு கொடுத்தால் என்ன என்று 72 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில் பி.எஸ்.ஏ. இறங்கியதில், நான்கு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டவர்களுக்கு இவர்கள் பின்தங்கவில்லை. சிறிய ஆய்வு. ஆயுளை அது அளக்கவில்லை. இதையெல்லாம் மறைக்காமல் அவரிடமும் மகனிடமும் சொன்னோம். மகன் தயங்கினார்: காசில்லாதவனுக்குக் கால்வாசி மருந்தா என்று கேட்டார். அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான். முழு அளவைத் தொடரப் பணம் இருந்தால் அதையே தொடரலாம், இருக்கிறதா என்று இந்த முறை ஒரு தாளில் மாதம் மாதமாக எழுதிப் பார்த்தோம். ஏழாவது மாதம் பணம் நின்றது. இடையில் நிற்கும் முழு அளவைவிட நிற்காமல் போகும் குறைந்த அளவு மேல் என்று மருத்துவர் சொன்னார். பெரியவர் ஒப்புக்கொண்டார். ஒரு பெட்டி நான்கு மாதம். மாதச் செலவு 2,000 ரூபாய்க்குள் வந்தது.

'கொழுப்பு குறைந்த உணவு' என்பதை அந்த அம்மாவோடு பேசி முடிவு செய்தோம். இட்லி இரண்டோ மூன்றோ, தேங்காய் குறைத்த சட்னி. பூரியும் வடையும் பொங்கலும் வேண்டாம். தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பது நல்லது. மாத்திரையை அவரே எடுத்துக் கொடுப்பதாகவும் அவர் சொன்னார்.

பின்தொடர்ந்தவை

பிப்ரவரியில் பி.எஸ்.ஏ. 6.1. மார்ச்சில் 2.3. ஜூனில் 1.1. தோற்றுவிட்டது என்று கோப்பில் எழுதப்பட்ட மருந்து அதன்பின் ஒன்றரை ஆண்டு அவரைத் தாங்கியது. அந்த வரியை அடித்துத் திருத்தச் சொன்னவர் கீமோ வேண்டும் என்று வாதாடிய அதே மூத்த மருத்துவர்தான்.

அந்த இடைவெளியில் ரேஷன் கார்டைச் சரிசெய்தோம். மகன் உண்மையிலேயே தனிக் குடித்தனம். பெயர் மட்டும்தான் பழைய கார்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் நீக்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் புது வருமானச் சான்று வாங்கி, காப்பீட்டு அட்டை வர நான்கு மாதமானது. 2021இலேயே இதை நான் கேட்டிருந்தால் முதல் ஆண்டுச் சுமையில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கக் கூடும்.

2024 ஆகஸ்டில் நோய் உண்மையாகவே எழுந்தது. மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தது. பி.எஸ்.ஏ. 38. ஸ்கேனில் விலாவில் புதிய இடங்கள். இந்த முறை யாருக்கும் சந்தேகம் இல்லை. மரபணுச் சோதனையில் பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் இல்லை, அந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ஒலாபாரிப் வகை மருந்துக்கு இடமில்லை. அட்டையின் மூலம் டோசிடாக்செல் ஆறு தவணை, 2025 ஜனவரியில் முடிந்தது. பி.எஸ்.ஏ. 12க்கு இறங்கியது. ஏப்ரலில் 61. வலி திரும்பியது.

லுடீசியம்

இப்போது அந்தச் சிகிச்சைக்கு அவர் முறையாகவே தகுதியானவர். மருந்து ரத்தத்தில் சென்று புராஸ்டேட் செல்லின் மேலிருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். அதில் கட்டிய லுடீசியம்-177 அங்கேயே கதிரை வெளியிடும். ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆறு தவணை வரை. 831 பேர் சேர்ந்த விஷன் ஆய்வில் இடைநிலை ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமானது. நம் நாட்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் லுடீசியம் உருவாகிறது. ஆனால் அதன் அரை ஆயுள் ஏழு நாளுக்கும் குறைவு. தயாரித்து, உரிய அறையும் அனுமதியும் உள்ள மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அந்த அறை இல்லை.

மே மாதம் வெளியூரில் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்தோம். நோய் முழுக்க ஒளிர்ந்தது. சிகிச்சைக்கு ஏற்ற படம். நாங்கள் கேட்ட மையத்தில் அட்டையில் இதற்கு வழியில்லை என்றார்கள். இரண்டு அறக்கட்டளைகளுக்கு எழுதினேன். ஒன்று ஒரு தவணைக்கான தொகையில் பாதி தருவதாகச் சொன்னது. மகன் மறுபடி நிலத்தைப் பற்றிப் பேசினார். பெரியவர் இந்த முறை மறைக்கவில்லை, எல்லோர் முன்னிலும் சொன்னார்: "நாலு மாசத்துக்கு மூணு மா. வேண்டாம்பா." சராசரி என்பது அவருக்கான கணக்கு இல்லை, சிலருக்கு அதைவிடக் கூடக் கிடைக்கும் என்று மருத்துவர் விளக்கினார். புரிகிறது என்றார். முடிவை மாற்றவில்லை.

அது அவருடைய முடிவு, அதை மதித்தோம். ஆனாலும் விருப்பப்படி எடுத்த முடிவு என்று மட்டும் இதைப் பதிவு செய்ய எனக்கு மனமில்லை. நிலம் குறுக்கே நிற்காதிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுக்கப் போன அன்று அத்தனை தவணைக்கும் தேதி கேட்டுக் குறித்து வைத்திருந்தார்.

ஜூனிலிருந்து வலி நிவாரணக் குழு வீட்டுக்குப் போனது. மார்பின் மாத்திரை, இடுப்புக்கு இன்னொரு தவணைக் கதிர்வீச்சு. செப்டம்பரில், வீட்டில், வலி அடங்கிய நிலையில் இறந்தார். நோய் தெரிந்து நான்கு ஆண்டு. அவர் கேட்டது இரண்டு.

எதை மாற்றியிருக்கிறோம்

'ஒழுங்கா சாப்பிடுறீங்களா' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு வருகைக்கும் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லி, "எத்தனை மிச்சம் இருக்கு, எண்ணுவோமா?" என்று கேட்கிறேன். குறைந்தால் திட்டுவதில்லை, பணமா என்று மட்டும் விசாரிக்கிறேன். பி.எஸ்.ஏ. ஏறிய எவருக்கும் இந்த எண்ணிக்கை கோப்பில் இல்லாமல் மருந்து தோற்றது என்று எழுதுவதில்லை என்பதை டியூமர் போர்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பிரெட்னிசலோன் அட்டையின் மேல் ஒரு சீட்டு ஒட்டுகிறோம்: 'இது பெரிய மாத்திரைக்குத் துணை மாத்திரை. எங்களைக் கேட்காமல் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்.' கீழே தொலைபேசி எண். சர்க்கரை மருத்துவருக்குத் தனிக் கடிதம் போகிறது.

முதல் நாளே இருபத்துநான்கு மாதக் கணக்கு எழுதுகிறோம். அந்தத் தாளில் பணம் பாதியில் நின்றால், குறைந்த அளவு அபிராடெரோனையும் ஆறு தவணையில் முடியும் கீமோவையும் அதே நாளில் பேசுகிறோம், ஆதாரம் எவ்வளவு பலமானது என்பதையும் சேர்த்து. ரேஷன் கார்டில் யார் யார் பெயர், அவர்கள் உண்மையில் எங்கே இருக்கிறார்கள் என்பதும் அன்றே கேட்கப்படுகிறது. ஆண்களுக்கு இந்த அறுவையைப் பற்றிப் பேச அந்த ஆண் செவிலியரையே முதலில் அனுப்புகிறோம்.

தன்னார்வலர்களோடு தொடர்பு மட்டும் இன்னும் சரியாகவில்லை. அபிராடெரோன் சாப்பிடுபவர்களின் ஊரில் யார் வருகிறார் என்று விசாரித்து அவர்களுடைய எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். அழுத்தம் 150க்கு மேல் போனால் எனக்குக் கூப்பிடுவார்கள். இரண்டு முறை அப்படி அழைப்பு வந்து, நேரத்தில் பொட்டாசியம் பார்க்க முடிந்தது. ஆனால் அந்த எண்கள் என் சொந்தக் கைபேசியில்தான் இருக்கின்றன. சென்ற மாதம் நான் இரண்டு வாரம் விடுப்பில் இருந்தபோது வந்த அழைப்பு ஒன்றை யாரும் எடுக்கவில்லை.